நாங்கள் கழுதையாக்கிய குதிரை

என் வீட்டுக்காரர் குறை சொல்வதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அதற்கு முன்னால், அவர் வாய் கொஞ்சம் ஓயட்டும் என்று நான் மெழுகுவத்தி ஏற்றாத புனிதர் கிடையாது.

அவர் ஒரு பெரிய ஃபேக்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் வேலை பார்த்தவர். இரும்பில் ஒரு பாகத்தை வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மர அச்சை மணலில் பதித்து எடுத்துவிட்டு, பதிந்த குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் மயிரிழை தப்பினால் இரும்பிலும் தப்பிவிடும். வேலைக்காலம் முழுக்க மயிரிழையோடு மல்லுக்கட்டிய மனிதர் ரிட்டயர் ஆகி வீட்டோடு இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீன்ஸ் ஒரே நீளத்தில் இல்லை என்பார். தோசை நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு என்பார். நான் வீட்டிலேயே பிளவுஸ், பாவாடை தைக்கிறவள். தைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, தையல் நேராகப் போகிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். எங்கள் தெருவில் வேகத்தடைக்கு ஹம்ப் போட்டபோது அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று போட்ட ஆட்களிடமே போய்ச் சொல்லி, தார் வாளியோடு அவர்கள் அவரை முறைத்ததை லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

பிறகு ஒரு நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் வேண்டுமென்றே பீன்ஸைக் கன்னாபின்னாவென்று வெட்டிப் போட்டேன். சத்தமே இல்லை. தோசையைக் கருக்கி வைத்தேன். அதையும் தின்றார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை சரி, பிரஷர் சரி, "ரிட்டயர் ஆனா சில பேருக்கு இப்படி ஆகும்மா, எதுலயாவது எங்கேஜ் பண்ணி வைங்க" என்றார் டாக்டர். எதில் வைப்பது? வாக்கிங் போகச் சொன்னால் போனார், வந்தார், உட்கார்ந்தார். ஆள் என் கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து பழையபடி என்னைத் திட்ட வேண்டும், எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

இந்த நிலைமையில்தான் பழைய பேப்பர் போடக் குஜிரிக் கடைக்குப் போனேன். உடைந்த ஃபேன், பிளாஸ்டிக் குடம், துருப்பிடித்த கிரில் எல்லாம் எடுத்துக்கொள்ளும் கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே வாஷிங் மெஷின்களுக்கு நடுவில் ஒரு மரப் பிராணி ஒருக்களித்துப் படுத்திருந்தது. பச்சைப் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. காது இரண்டும் இல்லை, வாலும் இல்லை. பின்னங்கால் ஒன்று தொடைக்குக் கீழே காணவில்லை. முதுகில் கம்பி நுழைய ஒரு ஓட்டை.

"எக்ஸிபிஷன் ராட்டினம்க்கா. மொத்தமும் பிரிச்சிட்டாங்க. மிச்சம்லாம் போயிருச்சி, இது ஒண்ணுதான் நிக்கிது" என்றார் கடைக்கார பாய்.

"எங்க பாய் நிக்கிது? படுத்துல்ல கீது."

"கால் ஒண்ணு கம்மி, அதான் ஆராமா படுத்துக்கிச்சு. நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லாதீங்கக்கா, அசல் தேக்கு."

"இது இன்னா, குதிரையா மாடா?"

"நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்க்கா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் முப்பது வருஷப் பழக்கம். தெருவில் எந்த வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தாலும் அதை முதலில் திறந்து பார்ப்பவள் அவள்தான். "ஏண்டி, வீட்ல ஒருத்தர் ஆடாம அசையாம உக்காந்திருக்கறது போதாதுன்னு இன்னொண்ணா?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தாள்.

வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ரிமோட்டைத் தேடினார்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இதைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டால் நிச்சயம் செய்ய மாட்டார். வேலை தெரிந்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டுமானால் அவர் கண்ணெதிரிலேயே அந்த வேலையைக் கேவலமாகச் செய்ய வேண்டும். கேவலமாகச் செய்வதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை. வாசல் வராந்தாவில், உள்ளே டிவி பார்க்கிறவர் கண்ணில் படும்படியாகப் பிராணியைக் கிடத்திவிட்டு, தோசைத் திருப்பியை எடுத்துவந்து பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். மரத்தின் ரேகை ஒரு பக்கம் ஓடினால் நான் எதிர்ப்பக்கம் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் சிவப்பு வந்தது, சிவப்புக்கு அடியில் நீலம். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த நாள் வயிற்றில் இருந்த வெடிப்பு ஒன்றில் ஆணி அடித்தேன். ஆணி வளைந்தது. வளைந்த ஆணியின் தலையிலேயே இன்னும் நாலு போடு போட்டேன். உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கடைசி அஸ்திரமாக, தண்ணீர்க் குழாய் ஒழுகினால் உருட்டி ஒட்டுகிற களிம்பை வாங்கிவந்து, அந்தத் தேக்குமர வெடிப்பில் கட்டைவிரலால் அப்பினேன்.

"அது பைப்புக்குப் போடறது."

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்தா இன்னாங்க? ஒட்டுதுல்ல" என்றேன், விரலை எடுக்காமல்.

"ஒட்டுதா? மரம் மூச்சு விடும்டி, வெய்யிலுக்கு ஒரு அளவு, மழைக்கு ஒரு அளவு. இது கல்லு மாதிரி நிக்கும், பக்கத்துல புட்டுக்கும். கையை எடு. எடுன்றேன்ல! என் உளிப் பொட்டி எங்க?"

உளிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்கப்புறம் வராந்தா அவருடையதாகிவிட்டது. உடைந்த கண்ணாடிச் சில்லால் பெயின்ட்டை ஏடு ஏடாக எடுத்தார். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு மூக்குத் துவாரத்துக்குள்ளெல்லாம் தேய்த்தார். பெயின்ட் போகப் போகக் கழுத்தில் பிடரி மயிர் செதுக்கியிருந்தது தெரிந்தது, அலை அலையாக. "குதிரை" என்று தீர்ப்புச் சொன்னார். நான் அடித்த ஆணிகளைப் பிடுங்கும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில் பார்த்தது. ஆனால் இன்னும் திட்டவில்லை. பொறுத்துக்கொள்கிறவர் மாதிரிப் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு வரைக்கும் வந்துவிட்டோம், திட்டும் வரும் என்று நான் காத்திருந்தேன்.

டிராயிங் இல்லாமல் அவர் மரத்தைத் தொட மாட்டார். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். நல்ல காலைப் பார்த்துத்தானே புதுக் காலைச் செய்ய வேண்டும்? அந்தக் கால் தொடையிலும் முழங்காலிலும் வளைந்து வளைந்து இறங்கியது. நேர் ஸ்கேலால் அளக்க முடியாது என்று என் தையல் டேப்பை வாங்கிக்கொண்டார். அளந்த நம்பர்களைத் தாளில் எழுதினார். டேப் அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டாத தெருவே இல்லை என்பதால் தேக்கு நிலைச்சட்டம் ஒன்று சுலபமாகக் கிடைத்தது. அதில் தன்னுடைய ஃபேக்டரி ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, அறுத்து, இழைத்து, செதுக்கி ஒரு காலும் இரண்டு காதும் செய்தார். வாலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் கல்யாண வீடுகளுக்கு வைத்துக்கொண்டு போன சவுரியை எடுத்துக் கொடுத்தேன். அதை மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெய்ப் பிசுக்கு" என்றார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

முளை அடித்து, பசை போட்டு, கால் காய்ந்ததும் நிமிர்த்தி நிறுத்தினார். அது நான்கு காலையும் ஊன்றி நிற்கும் வகைக் குதிரை. ஊன்றவில்லை. லேசாகத் தொட்டாலே டக் என்று ஒரு பக்கம் சாய்ந்தது, விட்டால் டக் என்று மறு பக்கம். குனிந்து நான்கு பாதத்தையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தரை லெவல் இல்ல" என்றார்.

"கொத்தனாரு சரியில்லீங்க, அப்பவே தெரியும்" என்று நானும் ஒத்து ஊதினேன். அட்டையை மடித்து மூன்று காலுக்கும் அடியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டக்கா புதுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இன்னாடி தெச்சிருக்க? புடவைக்குக் கீழ எட்டிப் பாக்குது. மார்க்கெட்ல நாலு பேரு சொல்லிட்டாங்க, அக்கா பாவாடை தெரியுதுன்னு. நான் குள்ளமாயிட்டேனா இன்னா?"

அவள் அளவு எனக்கு மனப்பாடம். வருஷக்கணக்காகத் தப்பியதில்லை. இந்தத் தடவை என்ன வித்தியாசம் என்றால், டேப் அவர் பையில் இருந்ததால் நான் அவருடைய ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் துணி வெட்டியிருந்தேன். சந்தேகம் வந்து, அவர் குளிக்கும் நேரத்தில் டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலில் இருந்த ஒவ்வொரு இஞ்சும் என் இஞ்சைவிட மயிரிழை நீளம். ஸ்கேலின் கடைசிக்கு வரும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு இஞ்சையும் நீட்டி அடித்த ஸ்கேல் அது. அதற்கும் மேலே, வார்த்த பிறகு கடைந்து எடுப்பதற்காக அங்கங்கே கொஞ்சம் சதை விட்டு வைப்பார்கள். மணலிலிருந்து சுலபமாக உருவிக்கொண்டு வரட்டும் என்று அடியைப் பருமனாக்கி நுனியைச் சரிப்பார்கள். மனிதர் பழக்கதோஷத்தில் அத்தனையையும் குதிரைக்குச் செய்துவிட்டார். தாளில் எழுதியது என் டேப் நம்பர், மரத்தில் போட்டது அவர் ஸ்கேல் நம்பர். கால் ஒரு விரல்கடை நீளம். காதுகளோ, அடியில் பருத்து மேலே நீண்டு, எந்த நிமிஷமும் ஆறிச் சுருங்கிக் குதிரைக் காது ஆகிவிடுவோம் என்று காத்திருப்பவை மாதிரி நின்றன. மரம் எங்கே சுருங்கப் போகிறது?

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போச்சி?" என்றாள் எதிர்வீட்டக்கா.

அவளிடம் சொன்னேன். இதை அவரிடம் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். வேலைக்காலம் முழுக்க ஒரு அச்சு திரும்பி வந்ததில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பெருமை. இப்போதுதான் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். இது தெரிந்தால் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் நான் அவரை எதை வைத்தும் எழுப்ப முடியாது.

அவள் வராந்தாவில் நின்ற பிராணியைச் சுற்றி வந்தாள். "குதிரைன்னு பாத்தாத்தான தப்பு?" என்றாள். "இந்தக் காதுக்கு இது கழுதைடி. கழுதைன்னு பாத்தா ஒரு கொறையும் இல்ல."

எனக்குப் பொறி தட்டியது. தவக்காலம் பாதி போயிருந்தது. குருத்தோலை ஞாயிறு வரப்போகிறது. எருசலேமுக்குள் இயேசு போனது கழுதை மேல்தானே? வருஷா வருஷம் எங்கள் கோயில் பவனியில் கழுதைக்கு என்ன செய்வது என்று ஒரு கூத்து நடக்கும். போன வருஷம் அட்டையில் செய்தார்கள், வெயிலில் தலை தொங்கிவிட்டது. தவறை மறைக்க முடியாது, பிராணியை மாற்றிவிடலாம்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தோம். எதிர்வீட்டக்கா தற்செயலாக வருகிறவள்போல வந்து, வராந்தாவில் நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அய்யய்யோ! எப்பேர்ப்பட்ட கழுதை!" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி கூவினாள். இயல்பாகச் சொல்லு என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அவர் கையிலிருந்த வாளைக் கீழே வைத்தார். "இது குதிரைம்மா."

"போங்கண்ணா, எனக்குத் தெரியாதா? எங்க தாத்தா ஊர்ல இருந்துச்சே."

"பிடரி பாருங்க."

"ஃபாரின் கழுதைக்கு இருக்கும்ணா" என்றாள், கண்ணை இமைக்காமல். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓஹோ" என்றார்.

அடுத்தது ஃபாதர். அவரிடம் பொய் சொல்லச் சொல்ல முடியாது, அதுவும் தவக்காலத்தில். அதனால் உண்மையை முழுக்கச் சொல்லி, பொய் சொல்லாமல் என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். இளவயது ஃபாதர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். வீட்டுக்கு வந்து வராந்தாவில் குனிந்து பார்த்து, "பவனிக்கு நமக்கு ஒரு கழுதை வேணும். இத எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு இருமிக்கொண்டே ஓடினார்.

ஒரு வாரம் எங்கள் தெருவில் அந்தப் பிராணியை யாரும் குதிரை என்று சொல்லவில்லை. தண்ணீர்க் கேன் போடுகிறவர்கூட "கழுதை சூப்பர் சார்" என்றுவிட்டுப் போனார். எதிர்வீட்டக்கா விஷயத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருந்தாள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் டீயை வாங்கும்போது, "சரி, எல்லாரும் சொல்றாங்க. கழுதையாவே முடிச்சிடலாம்" என்றார். சண்டை போடுவார், பிடரியைக் காட்டுவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்த எனக்கு, அவ்வளவு சுலபமாக வழிக்கு வந்தது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாம்பல் நிறத்தில் பெயின்ட் கலந்து மூன்று கை அடித்தார். காதுக்குள் ரோஸ் அடித்தார். கருநீலக் கோலிக்குண்டு இரண்டைக் கண்ணாகப் பதித்தார். சவுரியை ஷாம்பூ போட்டு அலசி வாலாக முடிந்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. அந்தக் கண்ணைப் பார்த்தால் வராந்தாவில் யாரோ இருப்பதுபோலவே இருந்தது.

குருத்தோலை ஞாயிறு அன்று காலையில் கழுதையைத் தள்ளுவண்டி மேல் ஏற்றினார்கள். இயேசுவாக உட்காரச் சாப்பாடு டெலிவரி செய்யும் ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருக்குத் தாடி இருந்தது, வேறு தகுதி பார்க்கவில்லை. ஆள் நல்ல கனம். பாடகர் குழு முன்னால், குருத்தோலைகளோடு ஜனம் பின்னால், நடுவில் வண்டி. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை ஒட்டி நடந்தார். அட்டையை மூன்று காலுக்கும் அடியில் வைத்து செலோடேப் ஒட்டியிருந்தேன், அவருக்குத் தெரியாமல்.

எங்கள் தெரு ஹம்ப்பில் வண்டி ஏறி இறங்கியதும் அட்டை பறந்தது. அவ்வளவுதான். டக், டக். டக், டக். இயேசுவானவர் இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "கழுதை நடக்குது!" என்று கத்தினார்கள். எதிர்வீட்டக்கா, கோயிலுக்குச் சம்பந்தமில்லாதவள், ஒரு குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவள், சத்தம் கேட்கக்கூடாது என்று தனக்குத் தெரியாத பாட்டை உச்சஸ்தாயியில் பாட ஆரம்பித்தாள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்து நடந்தேன். முடிந்தது, இத்தனையும் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நாற்காலி, அந்த டிவி, உப்பில்லாத சாம்பார் எல்லாம் கண்முன் வந்தன.

"நிறுத்துங்க" என்றார்.

பவனி நின்றது. பாட்டு நின்றது. எதிர்வீட்டக்கா மட்டும் ஒரு வரி தனியாகப் பாடி நிறுத்தினாள். அவர் சுற்றி நின்றவர்களிடம் கையை நீட்டிக் குருத்தோலைகளை வாங்கினார். மடித்தார், அழுத்தினார், விரலால் கனம் பார்த்தார், இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். வண்டி மேல் ஏறிக் குனிந்து, இயேசுவின் தொடையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஓலையைச் செருகினார். புதுக் காலை மட்டும் தொடவில்லை. எந்தக் கால் என்று அவர் தேடவுமில்லை. கையைத் தட்டிக்கொண்டு இறங்கி, "போலாம் ஃபாதர்" என்றார். அதற்குப் பிறகு கோயில் வாசல் வரைக்கும் கழுதை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"இரும்புக்கு வெச்சிருந்த கான்ட்ராக்ஷன் ஸ்கேல்ல போட்டுட்டேன்" என்றார். "கால ஒட்டி நிக்க வெச்ச நிமிஷமே தெரிஞ்சிச்சி. மட்டம் பாக்கற சர்ஃபேஸ் பிளேட்டோட குடும்பம் நடத்துனவனுக்கு எது தரை, எது காலுன்னு தெரியாதா? எனக்கே நம்ப முடியல. ராத்திரி பூரா யோசனை. இத்தோட சரி, இனிமே கையால எதயும் தொடக் கூடாது, அறுத்து அடுப்புல போட்டுட வேண்டியதுன்னு இருந்தேன்."

"அப்புறம் ஏங்க ஒண்ணும் சொல்லல?"

"அப்பதான் நீ எதிர்வீட்டம்மாவ கூட்டினு வந்த. ஃபாரின் கழுதைன்னாங்க. நீ செவுத்த பாத்து நின்னுக்கினு இருந்த, உன் தோளு ரெண்டும் குலுங்குது. ஃபாதர் வந்து இருமுறாரு. தண்ணிக்காரன் கழுதைன்றான். ஒரு ஆளுக்காக ஊரையே பொய் சொல்ல வெச்சிருக்கா, அதக் கெடுக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு மேடையில் இருந்த கரித்துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் முகத்தைத் துடைத்ததும் மூஞ்சியெல்லாம் மஞ்சள்பொடி ஆனது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு.

திங்கட்கிழமை காலையில் வாளால் அறுக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கோயிலிலிருந்து கழுதை திரும்பி வந்துவிட்டிருந்தது. மல்லாக்கப் படுத்திருந்தது. நல்ல கால்கள் மூன்றில் இரண்டை ஏற்கெனவே அறுத்துத் தள்ளியிருந்தார். மூன்றாவதில் வாள் பாதி இறங்கியிருந்தது.

"ஐயோ, என்னாங்க பண்றீங்க? அது ஒரிஜினல் காலுங்க!"

"ஒரு காலு தப்பா இருந்தா அது தப்பு. நாலும் அதே ஸ்கேல்ல இருந்தா, அதுதான் அளவு" என்றார். பக்கத்தில் மிச்ச நிலைச்சட்டமும் புதிதாக வரைந்த காலண்டர் தாளும் இருந்தன. "வேடிக்கை பாக்காத, வந்து பிடி."

கொண்டையைக்கூட முடியாமல் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்தேன்.

"இப்பிடியா பிடிப்பாங்க? நேரா பிடி. இவ்ளோ வருஷமா துணி வெட்டற, நேருன்னா இன்னான்னு தெரியாதா உனக்கு? கண்ணு எங்க வெச்சினு இருக்க? காலையில எழுந்தா மனுசன் உயிர வாங்கறதுக்குன்னே..."

நான் நேராகத்தான் பிடித்திருந்தேன்.